அன்புக்கு ஹேது எது? கிறிஸ்தவ சித்தாந்தத்தில் ஈச்வரப்ரீதியும் மானிடப்ரீதியும்

1518ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஜெர்மனி தேசத்து ஹைடெல்பெர்க் நகரில், அகஸ்டின் பெயர் தாங்கிய துறவியரின் சபை கூடியது. அதில் மார்ட்டின் லூதர் தம்முடைய ப்ரதிஜ்ஞைகளை வாதத்திற்கு முன்வைத்தார். அவற்றுள் ஈச்வர விஷயமானவை 28. அவற்றின் முடிவாக நிற்கும் ப்ரதிஜ்ஞை இரண்டே கூறுகளால் ஆனது. அதன் கருத்தைத் திரட்டிச் சொன்னால் இவ்வளவே: ஈச்வரனுடைய அன்பு தனக்கு உகந்த பொருளைக் கண்டு அதனிடம் செல்வதன்று, உகப்புக்குரிய தன்மையைத் தானே அப்பொருளில் உண்டாக்குவது. மனிதனுடைய அன்போ, உகந்த பொருள் எதிர்ப்பட்ட பின்னரே பிறப்பது.

கிறிஸ்தவ மதத்தில் தெய்வத்தின் அன்புக்கும் மனிதர் அன்புக்கும் என்ன பேதம் என்று வினவினால், ஒன்று பெரிது, மற்றது சிறிது. ஒன்று நித்யம், மற்றது அநித்யம் என்று விடை கூறிவிடுவது வழக்கம். இவ்விடை பிழையன்று, ஆனால் போதாது. அளவில் உள்ள வேற்றுமை எந்த இரு பொருள்களுக்கும் இருக்கக்கூடும். லூதர் காட்டுவது ஹேதுவில் உள்ள வேற்றுமை. மனிதனுடைய அன்புக்கு ஹேது அதன் விஷயத்தில் இருக்கிறது. ஈச்வரனுடைய அன்புக்கு ஹேது ஈச்வரனிடத்திலேயே இருக்கிறது.

ஸஹேதுக க்ருபை, நிர்ஹேதுக க்ருபை என்னும் விசாரத்தில் பழகியவர்க்கு இது கேட்ட குரலாகவே தோன்றும். அவ்வாறு தோன்றுவதே இங்கு எச்சரிக்கைக்குக் காரணம். ஒலி ஒத்திருப்பதால் பொருளும் ஒன்றே என்று மேடைகளில் சொல்வாரும் உளர். நூலைத் திறவாமலே ‘நம்முடையதற்கு அது ஈடாகாது’ என்று தள்ளுவாரும் உளர். இரு திறத்தாரும் பூர்வபக்ஷத்தை அறியாதவரே. பிறர் மதத்தை அதனை உடையவர் சொல்வதினும் தெளிவாக எடுத்துரைத்துவிட்டுப் பின்னர் விசாரிப்பதன்றோ பாஷ்யகாரர் ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் காட்டியருளிய நெறி.

மானிட அன்பைப் பற்றிய கிறிஸ்தவ ஆசிரியர்களின் கருத்துக்கு அடிநிலம் யவன நூல்களே. ப்ளேட்டோவின் ‘சிம்போசியம்’ என்னும் ஸம்வாதத்தில் வேட்கை, அதாவது ‘ஏரோஸ்’, பிறந்த கதை ஒன்று வருகிறது. அதற்குத் தாய் வறுமை; தந்தை வளம். தாயின் இயல்பால் அது எப்போதும் இல்லாதது. தந்தையின் இயல்பால் எப்போதும் அழகியதையும் நல்லதையும் அடையத் துடிப்பது. இல்லாததை நாடுவதே வேட்கையாதலால், குறையற்ற தேவர்க்கு வேட்கை இல்லை என்பது இதனால் பெறப்படும். அரிஸ்டாட்டில் இதனை இன்னும் இறுக்கிக் கட்டினார். அவருடைய பரமவஸ்து பிறவற்றால் விரும்பப்பட்டு அவற்றை இயக்குகிறது. தான் அவற்றின்பால் இயங்குவதில்லை. நட்பைப் பற்றிய விசாரத்திலும், தேவருக்கும் மனிதருக்கும் உள்ளது போன்ற ஏற்றத்தாழ்வு இருக்குமிடத்தில் நட்பு நில்லாது என்று முடித்தார். பரத்வம் உண்டு, ஸௌலப்யம் இல்லை. இதுவே அந்த தர்சனத்தின் நிலை.

இந்த நிலத்தில்தான் கிறிஸ்தவ வேதத்தின் கூற்று வந்து விழுந்தது. யோவானின் பெயரால் வழங்கும் முதல் நிருபம் ஈச்வரனை அன்பு என்றே நிர்தேசிக்கிறது. மனிதர் அன்பு செய்வது அவர் முந்தி அன்பு செய்ததனால் என்றும் சொல்கிறது. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில், மனிதர் பாவிகளாக இருந்த காலத்திலேயே கிறிஸ்து அவர்களுக்காக மரித்தார் என்பதை ஈச்வரனுடைய அன்புக்கு ப்ரமாணமாகக் காட்டுகிறார். நல்லவனுக்காக ஒருவன் உயிர் கொடுத்தாலும் கொடுக்கலாம். பகைவனுக்காக யார் கொடுப்பார் என்பது அங்குள்ள யுக்தி. மத்தேயு சுவிசேஷத்தில், பொழுது சாயும் நேரத்தில் திராட்சைத் தோட்டத்திற்கு வந்தவனுக்கும் விடியலில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுக்கப்படுகிறது. விடியலில் வந்தவன் முறையிடுகிறான். கர்மத்திற்குத் தக்க பலம் என்னும் கணக்கில் நிற்பவன் எவனும் அவ்விடத்தில் முறையிடத்தான் செய்வான்.

இங்கு ஒரு சொல்லாராய்ச்சி தேவையாகிறது. புதிய ஏற்பாட்டில் தெய்வ அன்பைச் சுட்டும் சொல் ‘அகாபே’. ‘ஏரோஸ்’ அதில் வருவதேயில்லை. இதனைக் கொண்டு, அகாபே என்றாலே தெய்வ அன்பு, ஏரோஸ் என்றாலே மானிடக் காமம் என்று பலர் சொல்லிவருகின்றனர். இது சொல்லின் மேல் சுமக்கமாட்டாத பாரத்தை ஏற்றுவதாகும். பழைய ஏற்பாட்டின் யவன மொழிபெயர்ப்பில், தாவீதின் மகன் அம்னோன் தன் தங்கை முறையான தாமாரின்மீது கொண்ட முறையற்ற மோகத்திற்கும் அகாபே என்னும் சொல்லே இடப்பட்டிருக்கிறது. பவுலின் பெயரால் வழங்கும் நிருபமொன்றில், தேமா என்பவன் உலகப்பற்றினால் விட்டுச்சென்ற செய்தியிலும் அதே தாதுவே வருகிறது. ஆகவே பேதம் சொல்லில் இல்லை. பொருளில் தேட வேண்டும்.

பொருளில் தேடியவர்களுள் முதல்வர் அகஸ்டின் (354–430). ‘கிறிஸ்தவ போதனை’ என்னும் நூலின் முதற் பகுதியில் அவர் எழுப்பும் வினா ஒன்று ஸ்ரீவைஷ்ணவர்கள் நின்று கேட்கத் தக்கது. பொருள்களை மனிதன் இரு வகையாகக் கொள்கிறான் என்கிறார். ஒன்றைத் தனக்காகவே உகந்து அனுபவித்தல். மற்றொன்றை வேறொரு பயனுக்குக் கருவியாக உபயோகித்தல். முன்னதை போகம் என்றும் பின்னதை விநியோகம் என்றும் நம் பரிபாஷையில் சொல்லலாம். மனிதன் அனுபவிக்கத் தக்கவன் ஈச்வரன் ஒருவனே. பிறவெல்லாம் அவனை அடைவதற்கு உபயோகப்படுவன. இவ்வளவும் எளிது. அடுத்துக் கேட்கிறார்: ஈச்வரன் நம்மிடத்தில் அன்பு வைக்கிறானே, அவன் நம்மை அனுபவிக்கிறானா, உபயோகிக்கிறானா?

அனுபவிக்கிறான் என்றால் நம்மால் ஆகும் நன்மை ஒன்று அவனுக்கு வேண்டியிருக்கிறது என்றாகும். அது பூர்ணனுக்குக் கூடாது. ஆகவே அனுபவிப்பதில்லை, உபயோகிக்கிறான் என்பது அகஸ்டினுடைய விடை. ஆயினும் நாம் பொருள்களை நம் பயனுக்கு உபயோகிப்பதுபோல அவன் செய்வதில்லை; அவனுடைய உபயோகத்தின் பயன் முழுவதும் நம்மையே சேரும் என்று உடனே காவலும் இடுகிறார். இவ்விடை இரக்கமற்றது என்று எண்ணலாகாது. பலியும் புகையும் பெற்றுப் பசியாறும் ரோமாபுரித் தேவதைகளின் நடுவே நின்று, தன் ஈச்வரன் அவ்வாறு குறையுடையவன் அல்லன் என்று நிறுவ வேண்டிய கடமை அவருக்கு இருந்தது. அவ்வகையில் அந்த யுக்தி உயர்ந்ததே.

ஆனால் இதே வினாவுக்கு எம்பெருமானார் அருளிய விடை நேர் எதிரானது. கீதையின் ஏழாம் அத்தியாயத்தில், ஞானியைத் தன் ஆத்மாவாகவே கருதுவதாகக் கண்ணன் சொல்லுமிடத்தில், தன்னுடைய தாரணம் அந்த ஞானியைப் பற்றி நிற்பதாக பகவான் நினைக்கிறான் என்று பாஷ்யம் பொருளுரைக்கிறது. ஸகல ஜகத்துக்கும் தாரகனானவன் தனக்குத் தாரகமாக ஓர் ஆச்ரிதனைக் கொள்கிறான் என்பது அதன் பொருள். போகம் மட்டுமன்று, தாரணமே அவனிடத்தில். இது பிற்காலத்து வ்யாக்யானங்களின் ரஸோக்தி அன்று, பாஷ்யகாரருடைய திருவாக்கு. இரு கலையாருக்கும் பொது.

அப்படியாயின் அவாப்தஸமஸ்தகாமத்வம் என்னாவது என்று கேட்பது அகஸ்டினுடைய கேள்வியே. விடை, ஆசை ஒரே வகையினதன்று என்பது. இல்லாமையால் வரும் ஆசை ஒன்று. நிறைவினால் வரும் ஆசை மற்றொன்று. மடியில் பால் இல்லாத பசுவும் கன்றைத் தேடலாம். மடி நிறைந்து கடுக்கும் பசு தேடுவது வேறு. அங்குள்ள தவிப்பு குறையால் அன்று, நிறைவால். ப்ளேட்டோ கண்ட வேட்கை வறுமையின் பிள்ளையாதலால், நிறைந்தவனுக்கு வேட்கை உண்டு என்று சொல்ல அவருடைய நூலில் வழியில்லை. வாத்ஸல்யத்தைக் குணங்களுள் ஒன்றாக எண்ணும் தர்சனத்தில் அந்த வழி திறந்திருக்கிறது. ஆச்ரிதபாரதந்த்ர்யம் ஸ்வாதந்த்ர்யத்தின் குறைவன்று, ஸ்வாதந்த்ர்யம் செய்யும் காரியங்களுள் ஒன்று என்று ஆசார்யர்கள் நிர்வஹிப்பதும் இதனாலேயே.

கிறிஸ்தவர்களிடையே இந்த வழி அறவே அடைபட்டிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரியோபாகைட் தியோனீசியஸ் என்னும் புனைபெயரில் எழுதிய பழைய யோகியார் ஒருவர், ஈச்வர நாமங்களைப் பற்றிய நூலின் நான்காம் அத்தியாயத்தில், ஏரோஸ் என்னும் சொல்லையே ஈச்வரனுக்கு இட்டு, தன் வேட்கையின் மிகுதியால் அவன் தன்னைவிட்டுப் புறப்பட்டு வருவதாகவும் எழுதினார். 2005ஆம் ஆண்டில் போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்ட், ஈச்வரனுடைய அன்பு ஏரோஸும் ஆகும், முழுமையாக அகாபேயும் ஆகும் என்று தம் முதல் சுற்றுமடலில் எழுதினார். அகஸ்டினுடைய விடையே அம்மதத்தின் கடைசி விடை என்று கொள்வது பொருந்தாது.

தாமஸ் அக்வினாஸ் (1225–1274) விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மனிதனுடைய இச்சை பொருளின் நன்மையால் தூண்டப்படுவது, ஈச்வரனுடைய அன்பு பொருள்களில் நன்மையைப் படைத்து ஊற்றுவது என்று லூதருக்கு இரண்டரை நூற்றாண்டு முன்னரே அவர் எழுதிவிட்டார். லூதர் புதிதாகச் செய்தது, அதனைப் பாவியின்மேல் நிறுத்தியது. பாவிகள் அழகியராயிருப்பதால் அன்பு செய்யப்படவில்லை, அன்பு செய்யப்படுவதால் அழகியராகின்றனர் என்பது அவர் விவரணத்தின் ஸாரம். அக்வினாஸுக்கு மற்றொரு பெருமை உண்டு. அரிஸ்டாட்டில் கூடாது என்று விலக்கிய நட்பை, ஈச்வரனுக்கும் மனிதனுக்கும் இடையே மீட்டு வைத்தவர் அவர். தன்னுடைய ஆனந்தத்தில் ஈச்வரனே பங்கு தருவதால் ஸாம்யம் உண்டாகிறது என்பது அவர் காட்டிய யுக்தி. பரமஸாம்யாபத்தியைப் படித்தவர்க்கு இது புதுமையன்று.

லூதருடைய ப்ரதிஜ்ஞையை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர் ஸ்வீடன் தேசத்து ஆண்டர்ஸ் நிக்ரென். 1930இலும் 1936இலும் வெளிவந்த அவருடைய நூல், ஏரோஸ் கீழிருந்து மேலே ஏறுவது, அகாபே மேலிருந்து கீழே இறங்குவது, இரண்டுக்கும் கலப்பே இல்லை என்று பிரித்து, அகஸ்டின் இரண்டையும் கலந்து கெடுத்துவிட்டார் என்று குற்றமும் சாட்டியது. இப்பிரிவு கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும். ஆனால் அதற்கு விலை ஒன்று உண்டு. அன்பு என்பது கீழிறங்குவதே என்றால், மனிதன் ஈச்வரனிடத்தில் வைக்கும் அன்பு எதுவாகும்? அது மேலேறுவதாயிற்றே. நிக்ரென் இதற்கு அஞ்சவில்லை. மனிதன் ஈச்வரனை நோக்கிச் செய்வதற்கு விச்வாஸம் என்பதே தக்க பெயர் என்றார். அயலாரிடத்தில் அன்பு செய்யும்போதோ, மனிதன் ஈச்வரனுடைய அன்பு ஒழுகிவரும் குழாய் போன்றவன்.

குழாய்க்கு நீரின் சுவை தெரியாது. இவ்விடத்தில்தான் நிக்ரெனுடைய பக்ஷம் தளர்கிறது. ஜீவனுக்கு அசித்தைப்போன்ற பாரதந்த்ர்யத்தைச் சொல்லும் நம் பூர்வாசார்யர்களும், அவ்வளவோடு நில்லாமல், அனுபவிக்கிற எம்பெருமானுடைய முகமலர்ச்சியைக் கண்டு தானும் உகப்பது சைதன்யத்தின் காரியம் என்று சேர்த்தருளினார்கள். அசித்தை விநியோகம் கொள்ளலாம். அது எதிர்முகம் காட்டாது. சந்தனத்தைப் பூசிக்கொண்டவன் மகிழ்கிறான், சந்தனம் மகிழ்வதில்லை. ஜீவன் மகிழவேண்டும், அதுவும் அவனுடைய போகத்திற்கு உறுப்பாக. நிக்ரெனுடைய குழாயில் இந்த எதிர்விழி ஆசைக்கு இடமில்லை. அவருடைய மதத்தவரே இக்குறையைச் சுட்டி மறுத்து எழுதினர் என்பது நியாயமே.

அவர்கள் மறுப்பதற்குக் கைக்கொள்ளத் தக்கவர் க்ளேர்வோ மடத்து பெர்நார்து. 1153இல் காலமான அவர் எம்பெருமானாருக்குக் கிட்டத்தட்ட ஸமகாலத்தவர் என்பது நினைக்க இன்பமளிக்கிறது. ஒருவரையொருவர் அறிய வழியில்லை. ஈச்வரனிடத்தில் அன்பு செய்வது பற்றிய சிறு நூலில் அவர் நான்கு படிகளைக் காட்டினார். தன்னைத் தனக்காகவே விரும்புதல் முதற்படி. தன் பயனுக்காக ஈச்வரனை விரும்புதல் இரண்டாவது. ஈச்வரனை ஈச்வரனுக்காகவே விரும்புதல் மூன்றாவது. இதற்குமேல் என்ன படி இருக்கக்கூடும் என்று தோன்றும். நான்காவது, தன்னையும் ஈச்வரனுக்காகவே விரும்புதல். ஆர்த்தன் முதலாக ஞானி ஈறாகக் கீதை வகுத்த அதிகாரிகளை மூன்றாம் படிவரை ஒருவாறு ஒப்பிடலாம். நான்காம் படிக்கு நிகர் வேண்டுமாயின், திருவாய்மொழியில் ‘எம்மா வீடு’ என்று தொடங்கும் பதிகத்தின் நான்காம் பாசுரத்திற்கு நம் ஆசார்யர்கள் இட்ட வ்யாக்யானத்திற்கே செல்ல வேண்டும். தன் கைங்கர்யமும் தனக்காக அன்று, அவனுக்கேயாக என்று நிற்கும் நிலை அது.

ஒப்புமை இவ்வளவு நெருங்கும்போது வேற்றுமையும் அங்கேயே வெளிப்படுகிறது. பெர்நார்துக்கு நான்காம் படி ஏறி அடைய வேண்டிய சிகரம். இவ்வுலகில் ஒரு கணம் வாய்த்தாலும் அரிது என்றார். ஸ்ரீவைஷ்ணவனுக்கு அது ஸ்வரூபம். ஓங்காரத்தில் ஏறிக்கழிந்த நான்காம் வேற்றுமையே ஜீவன் அவனுக்காக இருப்பவன் என்று முதலிலேயே சொல்லிவிட்டது. புதிதாக ஆகவேண்டியது ஒன்றுமில்லை. மறைந்தது வெளிப்பட வேண்டும்.

லூதருடைய ப்ரதிஜ்ஞைக்கும் நிர்ஹேதுக க்ருபைக்கும் உள்ள பேதத்தின் வேரும் இதுவே. கிறிஸ்தவ சித்தாந்தத்தில் ஜீவன் ஒன்றுமில்லாமையிலிருந்து படைக்கப்பட்டவன். அவனுக்கு ஈச்வரனோடு உள்ள ஸம்பந்தம் ஸ்ருஷ்டியில் தொடங்குவது. ஆகவே அன்பு அங்கு எல்லாவற்றையும் படைக்க வேண்டியிருக்கிறது. முதலில் இருப்பை, பின்னர் பாவியினிடத்தில் அழகை. விசிஷ்டாத்வைதத்தில் ஜீவன் நித்யன், சரீரபூதன், உடைமை. அவனிடத்தில் கர்மத்தால் மறைந்த அழகு உண்டே தவிர, இல்லாத அழகு இல்லை. ஆகவே எம்பெருமானுடைய அன்பு நிர்ஹேதுகம் என்னும்போது, ஜீவனுடைய ஸுக்ருதம் ஹேதுவன்று என்பதே பொருள். ஸம்பந்தமும் ஹேதுவன்று என்பது பொருளன்று. உடைமையை உடையவன் தேடுவதற்கு வேறு காரணம் கேட்பாரில்லை.

தோஷ விஷயத்திலும் இதன் விளைவு தெரிகிறது. வாத்ஸல்யமாவது தோஷங்களை போக்யமாகக் கொள்வது என்று தென்னாசார்ய ஸம்ப்ரதாயத்தாரும், தோஷங்களைக் காணாதிருப்பது என்று தேசிக ஸம்ப்ரதாயத்தாரும் நிர்வஹிப்பர். அகஸ்டின் வழியினர் ஆளை நேசித்துப் பிழையை வெறுத்தல் என்று பிரிப்பர். லூதர், அன்பே பாவியை அழகனாக்குகிறது என்பார். அன்றீன்ற கன்றின் வழும்பை நக்கும் பசுவின் உதாரணம் அவ்விரு கிறிஸ்தவ ஆசிரியர்க்கும் செரியாது. காரணம் அவர்களுடைய அன்பு குறைந்தது என்பதன்று. பாவம் அங்கு ஒரு கடனாகவும் பகையாகவும் நிற்பது. அதனை ஈச்வரன் தானே மரித்துத் தீர்க்க வேண்டும் என்பது அந்த மதத்தின் உயிர்நிலை. சிலுவையை விட்டுவிட்டு கிறிஸ்தவர் சொல்லும் அன்பைப் பேசுவது, புருஷகாரத்தை விட்டுவிட்டு சரணாகதியைப் பேசுவது போலாகும்.

ஜெர்மனியின் ருடால்ஃப் ஓட்டோ 1930இல் வெளியிட்ட, இந்தியாவின் அருள்மதத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்ட நூலில், மர்க்கட ந்யாயத்தையும் மார்ஜார ந்யாயத்தையும் எடுத்துக்காட்டி, அருளைப் பற்றிய விசாரம் இங்கும் அதே ஆழத்திற்குச் சென்றிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆயினும் இங்கு மோக்ஷம் என்பது ஸம்ஸாரத்தினின்று விடுபடுதலே, குற்றத்தினின்று விடுபடுதல் கிறிஸ்தவத்திற்கே அச்சு என்றார். சரணாகதி கத்யத்தில் மனோவாக்காயங்களால் செய்த அபராதங்களையெல்லாம் எண்ணி எண்ணி க்ஷமை வேண்டுமிடத்தையும், ஸ்தோத்ர ரத்னத்தில் ஆளவந்தார் தம்மை நிந்தித்துக்கொள்ளுமிடத்தையும் எதிரே வைத்தால் அவர் கூற்று அப்படியே நில்லாது. எனினும் க்ஷமைக்கு இங்கு கடன்தீர்வு வேண்டப்படவில்லை என்பது மெய். அவ்வளவில் அவர் கண்டது சரியே. அவருக்கு முன், 1907இல், க்ரியர்ஸன் என்னும் அயர்லாந்துப் பண்டிதர் ஹிந்துக்களின் பக்தி மார்க்கம் நெஸ்டோரியக் கிறிஸ்தவர்களுக்குக் கடன்பட்டது என்று எழுதினார். கிளைகள் ஒன்றையொன்று தொடுவதைக் கண்டு வேரும் ஒன்றே என்று கொண்டதால் வந்த பிழை அது. ஒன்றுமில்லாமையிலிருந்து படைக்கும் அன்பையும், அநாதியான உடைமையைத் தேடும் அன்பையும் அருகருகே வைத்துப் பார்த்திருந்தால் அவ்வாறு எழுதியிருக்கமாட்டார்.

ஆனால் லூக்கா சுவிசேஷத்தின் பதினைந்தாம் அத்தியாயத்தில் ஏசுநாதர் சொல்லும் சிறு உவமை ஒன்று, லூதருடைய ப்ரதிஜ்ஞையைவிட இந்த தர்சனத்திற்கு அருகில் நிற்கிறது. கெட்ட மகனின் கதைக்கு முன்னே இருப்பதால் அதனைப் பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். பத்து வெள்ளிக்காசு உடைய ஒரு பெண் அவற்றுள் ஒன்றைத் தொலைத்துவிடுகிறாள். விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கி, கிடைக்கும்வரை தேடுகிறாள். அந்தக் காசு அவள் கையிலிருந்து விழுந்ததனால் மதிப்பிழக்கவில்லை; அவள் கண்டதனால் புதிதாக மதிப்புப் பெறவுமில்லை. முன்னும் அவளுடையது, புழுதியில் கிடந்தபோதும் அவளுடையது. விஷ்ணுபுராணம் ஜீவதத்துவத்தைக் கௌஸ்துபமாக எம்பெருமானுடைய திருமார்பில் வைத்துக் காட்டுவதை இதனோடு சேர்த்து நினைக்கலாம். காசு அழவில்லை, தன்னைத் தேடும்படி வேண்டவுமில்லை. விலக்காமல் கிடந்தது, அவ்வளவே. கண்டெடுத்தபின் அவள் தோழிகளையும் அண்டைவீட்டாரையும் கூட்டித் தன்னோடு சேர்ந்து மகிழச் சொல்கிறாள். அங்கு பேற்றினால் வரும் மகிழ்ச்சி உடையவளுக்கே சொல்லப்பட்டிருக்கிறது.